சோதனையக்காவும் செத்த பொடியும்

சோதனையக்கா எதையும் சும்மா வாங்கியதாக அந்தத் தெருவில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். தவிட்டு மூட்டை என்றால் முழங்கை வரை கையை விட்டு, மேலே இருப்பதை ஒதுக்கி, அடியில் கிடப்பதை அள்ளி முகர்ந்து பார்ப்பாள். யூரியா என்றால் ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, டம்ளர் சில்லிடுகிறதா என்று தொட்டுப் பார்ப்பாள். விதை என்றால் வாளித் தண்ணீரில் கொட்டி, மிதப்பதையெல்லாம் வழித்து எறிவாள். கடைக்காரன் சிரித்துப் பேசினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்பாள். சிரிக்கவில்லை என்றால் அதைவிடப் பெரிய காரணம் இருக்கும் என்பாள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கும் உண்டு. ஆனால் அது கையெழுத்துப் போடும்போது மட்டும்தான் வெளியே வரும்.

பிறக்கும்போதே அவள் அப்படி இல்லை. கட்டிக்கொண்ட மனிதர்தான் அவளை அப்படி ஆக்கினார். கறந்த பால் மாதிரி மனசு அவருக்கு. எவன் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். ஒரு வருஷம் வண்டியில் வந்த ஒருவன் தீவன விதை என்று சொல்லிக் களை விதையைத் தலையில் கட்டிவிட்டுப் போனான். வயல் முழுக்க முள்ளும் எருக்குமாக முளைத்தது. அவர் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்துவிட்டு, "சரி விடு, அவனுக்கு என்ன கஷ்டமோ" என்றார். அவள் விடவில்லை. அந்தக் களையைப் பிடுங்கிப் பிடுங்கிக் கை காய்த்தது அவளுக்குத்தான். பிறகு அவர் நோயில் விழுந்து போய்ச் சேர்ந்தார். மகன் அப்போது பள்ளிக்கூடப் பையன். வயலும், அதன் மூலையில் வீட்டுக்கும் வயலுக்கும் சேர்த்து அவர் தோண்டிய ஆழ்துளைக் கிணறும், தகரக் கூரை போட்ட மோட்டார் அறையும் அவள் பொறுப்புக்கு வந்தன. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். இந்தப் பூனை போனது. ஒவ்வொரு அடுப்பையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது.

அவள் தீவனம் வளர்த்துக் கட்டுக் கட்டாக மாட்டுக்காரர்களுக்கு விற்றாள். போகப் போக அக்கம்பக்கத்தவர்கள் தங்கள் பொருளையும் அவளிடம் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். "அக்கா, இந்தப் புண்ணாக்கைக் கொஞ்சம் பாருங்க." "அக்கா, இந்த மருந்து வாசம் சரியா இருக்கா?" அவள் முகர்வாள், கிள்ளுவாள், நாக்கில் வைப்பாள், துப்புவாள். "ம்" என்றால் வாங்கலாம். உதட்டைப் பிதுக்கினால் கடைக்காரனுக்குக் கெட்ட காலம். அந்த உதட்டுக்கு மேல்முறையீடு கிடையாது.

அவள் சோதிக்காமல் விட்ட ஆள் உலகத்தில் ஒருவன்தான்: தம்பி. அம்மா போனபோது அவன் கைக்குழந்தை. இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டே அவள் சமைத்தாள், துவைத்தாள், பள்ளிக்கூட வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள். அவன் வளர்ந்து கடைத்தெருவில் விதைக்கடை வைத்தான். புதுச் சரக்கு வந்தால் முதலில் அக்காவுக்குத்தான் ஆள் அனுப்புவான். அவள் வந்து பார்த்து "ம்" சொன்ன பிறகுதான் சரக்கு அலமாரியில் ஏறும். "என் அக்கா நாக்கு இருக்கிறவரைக்கும் என் கடைக்கு வேற முத்திரை தேவையில்லை" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொள்வான்.

குளோவர் தீவனத்தை அவளுக்கு அறிமுகப்படுத்தியதும் அவன்தான். ஒரு காம்புக்கு மூன்று இலை. மாடு கண்டால் கயிற்றை அறுத்துக்கொண்டு வரும். யூரியா அதிகம் கேட்காத பயிர் அது. அதன் வேரில் கண்ணுக்குத் தெரியாத ஒருவகை பாக்டீரியா குடியேறி, கடுகு கடுகாக முடிச்சுப் போட்டு, காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு ஊட்டும். செடி பதிலுக்கு அதற்குச் சர்க்கரை கொடுக்கும். அந்த பாக்டீரியாதான் பொட்டலத்தில் கருப்புப் பொடியாக வருகிறது. சர்க்கரைத் தண்ணீரில் பொடியைக் குழைத்து, விதைமேல் பூசி, நிழலில் உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிட வேண்டும்.

கருப்புப் பொடியையும் முதல்முறை அவள் முகர்ந்தாள். மண் வாசம் அடித்தது. நாக்கில் வைத்தாள். மண் ருசிதான். டம்ளர் தண்ணீரில் போட்டாள். சேறாகிக் கீழே போய் உட்கார்ந்தது. "என்னடா இது, மண்ணைப் பொட்டலம் கட்டி விக்கிறானுங்களா?" என்றாள். தம்பி சிரித்து, "இதை நாக்குல கண்டுபிடிக்க முடியாதுக்கா. நான் சொல்றேன், போடு" என்றான். போட்டாள். வயல் கரும்பச்சையாக எழுந்தது. அதன் பிறகு வருஷா வருஷம் அவள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய ஒரே பொருள் அதுதான்.

கண்ணை மூடியதுதான் பின்னால் வினையாகிவிட்டது.

அந்தப் பருவம் குளோவர் முளைத்து விரற்கடை உயரம் வந்தது, அத்தோடு நின்றுவிட்டது. பிறகு வெளிற ஆரம்பித்தது. முதலில் கீழ் இலை, அப்புறம் மேல் இலை. பச்சை போய், எலுமிச்சம்பழம் மாதிரி ஆகி, ஓரமெல்லாம் தீய்ந்தது. அவள் வயலுக்குள் இறங்கி, ஒரு செடியைச் சுற்றி மண்ணைக் கிளறி, அலுங்காமல் வேரோடு எடுத்துத் தண்ணீரில் அலசினாள். வேர் வழுக்கையாக இருந்தது. கடுகளவு முடிச்சுக்கும் வழியில்லை. இன்னொன்று எடுத்தாள். அதில் வெள்ளையாக ஒன்றிரண்டு புடைப்பு இருந்தது. நகத்தால் கிள்ளினாள். உயிருள்ள முடிச்சு உள்ளே ரோஜா நிறமாக இருக்கும். இது வெளுத்துச் சப்பிப்போய் இருந்தது.

யாரோ என்னவோ செய்திருக்கிறார்கள். அவளுக்கு வந்த முதல் எண்ணம் அதுதான்.

உண்மையைச் சொன்னால், ஒரு வருஷமாகவே ஊரில் எல்லாரும் சேர்ந்துகொண்டு அவளை ஏமாற்றுவதாக அவளுக்குப் பட்டது. பருப்பு வேகவில்லை, மளிகைக்காரன் பழைய பருப்பைக் கலந்துவிட்டான் என்று கடையை மாற்றினாள். சோப்பு நுரைக்கவில்லை, போலிச் சோப்பு என்று அந்தக் கடையையும் மாற்றினாள். தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளைச் செதில் ஒட்டியது. பாத்திரக்காரன் மட்டமான உலோகத்தை விற்றுவிட்டான் என்று பாத்திரத்தைக் கொண்டுபோய் அவன் மேஜையில் டமால் என்று வைத்தாள். வாய்க்கால் ஓரமெல்லாம் காலையில் வெள்ளையாகப் பூத்திருந்தபோது, பக்கத்துத் தோட்டக்காரர்தான் எதையோ தூவுகிறார் என்று வேலியருகே நின்று கத்தினாள். அந்த மனிதர் பல் துலக்கிக்கொண்டிருந்தவர், நுரையோடு வாயைத் திறந்தது திறந்தபடி நின்றார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

தண்ணீரை மட்டும் சந்தேகப்படவில்லையா என்று கேட்கலாம். அதென்ன அப்படிச் சொல்லிவிட்டீர்கள்? தினமும் காலையில் மோட்டார் போட்டதும் குழாயிலிருந்து ஒரு கை ஏந்தி, வாயில் ஊற்றி, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சுழற்றி, துப்புவாள். நேற்று இருந்த மாதிரிதான் இன்றைக்கும் இருந்தது. போன வறட்சியில் தண்ணீர் கீழே போனபோது ஆள் வைத்துக் குழாயை இன்னும் ஆழத்துக்கு இறக்கினாளே, அப்போதும் மறுநாள் ருசி பார்த்தாள். நேற்று மாதிரிதான். அதற்கடுத்த நாளும் நேற்று மாதிரிதான். அதுவும் அவள் புருஷன் தோண்டிய கிணறு. கட்டிக்கொண்டவர் ஏமாளியாக இருக்கலாம், கிணறு ஏமாற்றாது.

ஆகவே ஒவ்வொன்றாகக் கழித்தாள். விதையை மிதக்கவிட்டுப் பார்த்தாயிற்று. எருவைக் கிளறிப் பார்த்தாயிற்று. தண்ணீரைத் தினமும் பார்க்கிறாள். பார்க்காமல் போட்டது எது? கருப்புப் பொடி. பார்க்காமல் நம்பியது யாரை? அந்த நினைப்பை அவளே உதறிப் பார்த்தாள். ஆனால் வந்த நினைப்பு போகவில்லை. சந்தேகம் வேட்டியில் ஏறிய கட்டெறும்பு மாதிரி; கடிக்காமல் இறங்காது.

சந்தை நாளன்று கடைக்குப் போனாள். தம்பி வாசலில் கூட்டத்தோடு நின்றான். அவளிடம் நெடுநாளாகத் தீவனம் வாங்கும் பெரிய மாட்டுக்காரர் ஒருவரும் நின்றார். அவரும் தன் நிலத்தில் குளோவர் போட ஆசைப்பட்டு, கையில் கருப்புப் பொடிப் பொட்டலங்களை அடுக்கி வைத்திருந்தார்.

அக்கா ஒரு பொட்டலத்தை எடுத்து உயர்த்திப் பிடித்தாள்.

"டேய், இது உயிரோட இருக்கா, செத்துப் போச்சா?"

அக்கா விளையாடுகிறாள் என்று நினைத்துத் தம்பி சிரித்தான். "உயிரோடதான்க்கா இருக்கும். வந்த நாள்லேர்ந்து வெயில் படாம குளிர்ச்சியாத்தானே வச்சிருக்கேன்."

"இருக்கும்னா? நீ பார்த்தியா?"

"அதை எப்படிக்கா பார்க்கிறது? கண்ணுக்குத் தெரியாதே."

"கண்ணுக்குத் தெரியாததைத்தான் என் கண்ணைக் கட்டிட்டு வித்தியா? வயல்ல வந்து பாரு. வேரு மொட்டையா நிக்குது. ஒரு முடிச்சு இல்லை. கூடப்பிறந்தவளுக்கே செத்த சரக்கைக் குடுத்தவன், ஊருக்கு எதைக் குடுப்ப?"

சொல்லிவிட்டுப் பொட்டலத்தைப் பிய்த்து, கருப்புப் பொடியைக் கடை வாசலில் கொட்டினாள். கூட்டத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

மாட்டுக்காரர் கையிலிருந்த பொட்டலங்களைச் சத்தமில்லாமல் அலமாரியில் திருப்பி வைத்தார். அவருக்குப் பின்னால் நின்றவர் விதைப் பையையும் கீழே வைத்துவிட்டார். பொடியே செத்தது என்றால் விதை மட்டும் என்ன வாழ்கிறதாம்! தம்பி அக்காவின் முகத்தைப் பார்த்தான், கீழே கிடந்த பொடியைப் பார்த்தான், உள்ளே போய் விளக்குமாற்றை எடுத்து வந்து கூட்ட ஆரம்பித்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். குற்றமில்லாதவன் என்றால் எதிர்த்துப் பேசியிருக்க மாட்டானா?

அதற்குப் பிறகு விதைக்கடைப் பக்கம் ஆள் குறைந்தது. பால் வண்டி ஓட்டும் மகன் வந்து சொன்னான். "மாமா கடையில ஈ ஆடுதும்மா. தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்ல?"

"ஏமாத்தினவனைத் தனியாக் கூப்பிட்டு விருந்தா வைப்பாங்க?" என்றாள். ஆனால் தம்பி வந்து கத்துவான், சண்டை போடுவான், இவளும் நாலு வார்த்தை பேசித் தீர்த்துவிடலாம் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வரவேயில்லை. அவன் வராததையும் ஒரு சந்தேகமாக எடுத்து மூட்டை கட்டி வைத்தாள்.

தம்பியிடமிருந்து கண்ணை எடுத்ததும் அது மருமகள்மேல் போய் விழுந்தது. போன வருஷம் வந்த பெண். டவுனில் தையல் ஆலையில் வேலை. இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவனே தம்பிதான். இப்போது அதுவும் ஒரு குற்றமாகத் தெரிந்தது. அந்தப் பெண் மாமியார் போட்ட டீயைப் பாதி குடித்துவிட்டு மீதியை வைத்துவிடுவாள். சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது பையில் இரண்டு பெரிய பாட்டில் இருக்கும். நேராக மாடிக்குப் போவாள். திரும்பி வரும்போது பாட்டில் ஒன்று காலியாக இருக்கும். மாடியில் என்ன இருக்கிறது? உடைந்த நாற்காலியும் துணி காயப்போடும் கொடியும்தான். துணி நாளெல்லாமா காயும்?

ஆலை விடுமுறை நாளில் மருமகள் குளிக்கப் போனதும் அக்கா மாடிப்படி ஏறினாள். மூட்டு வலி என்று ஏறி வெகுநாளாயிற்று. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், துணி உலர்த்தும் கொடியில் ஒரு பழைய போர்வை திரை மாதிரித் தொங்கியது. போர்வைக்குப் பின்னால் என்ன ஒளிந்திருக்கிறது? பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தாள்.

விளிம்பு உடைந்த பிளாஸ்டிக் தொட்டி ஒன்று. அதில் குளோவர். கரும்பச்சையாக, தொட்டி வழிய, முழங்காலைத் தொடும் உயரத்துக்கு நின்றது. மூன்று மூன்று இலை.

"அடிப்பாவி" என்றாள் அக்கா, பொதுவாக.

மருமகள் ஈரத் தலையோடு படியேறி வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"இது என்னடி? இந்த விதை எங்கேயிருந்து வந்துச்சு? நல்ல பொடியை உனக்குக் குடுத்துட்டு எனக்குச் செத்ததைக் குடுத்தானா உன் மாமா?"

"இல்லத்தை. உங்க பொடிதான், உங்க விதைதான். விதைச்ச அன்னைக்குச் சாக்குல ஒட்டிக்கிட்டு இருந்ததை உதறிப் போட இருந்தீங்க. வீணாப் போகுதேன்னு எடுத்துட்டு வந்து இதுல தூவினேன்."

"எரு போட்டியா? யூரியா போட்டியா?"

"வாசல் மண்ணுத்தை. வேற ஒண்ணும் போடல."

அக்கா நம்புவாளா? கையைத் தொட்டிக்குள் விட்டு ஒரு கொத்தைப் பிடுங்கினாள். வேரெல்லாம் கடுகு கடுகாக முடிச்சு. ஒன்றைக் கிள்ளினாள். உள்ளே ரோஜா நிறம். இன்னொன்று. அதுவும். அவள் விரல் நகமெல்லாம் சிவந்தது. பொடி உயிரோடுதான் இருந்திருக்கிறது.

"பின்னே என்னடி செஞ்சே?"

"தண்ணிதான்த்தை. டவுனுத் தண்ணி. ஆலையில பிடிச்சுட்டு வருவேன். ஒண்ணு நான் குடிக்க, ஒண்ணு இதுக்கு."

"ஏன், நம்ம தண்ணிக்கு என்ன கேடு?"

மருமகள் தயங்கினாள். "உப்புத்தை."

"உப்பா? தினம் நாக்குல வச்சுப் பார்க்கிறவ நான். எனக்குத் தெரியாத உப்பா?"

"வந்த புதுசுலயே சொன்னேன்த்தை. 'உங்க அப்பா வீட்டுல மட்டும் தேனா ஓடுது'ன்னு கேட்டீங்க. அப்புறம் நான் வாயைத் திறக்கல."

அக்காவுக்கு அது ஞாபகம் இருந்தது. பிறந்த வீட்டுப் பெருமை பேசுகிறாள் என்று அன்றைக்கே அவள்மேல் ஒரு புள்ளி வைத்ததும் ஞாபகம் இருந்தது.

"இது பச்சையா இருக்கிறது உனக்கு எப்ப தெரியும்? நான் கடையில போய்க் கத்துறதுக்கு முன்னாடியா?"

"பின்னாடிதான். அப்பதான் வயல்ல இருக்கிறது வேற மாதிரி, இது வேற மாதிரின்னு கவனிச்சேன். காட்டலாம்னு நினைச்சேன். மாமாவுக்கு வக்காலத்து வாங்குறேன்னு என்மேல பாய்வீங்கன்னு பயமா இருந்துச்சு. அதான் போர்வையைக் கட்டினேன்." சொல்லும்போதே பெண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது.

பாய்ந்திருப்பாள்தான். அதை அக்காவே மறுக்க மாட்டாள்.

இருந்தாலும் மருமகள் சொல்லிவிட்டாள் என்பதற்காக ஒரு விஷயம் உண்மையாகிவிடுமா? மறுநாள் அக்கா பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு மண், நீர் பரிசோதனை நிலையத்துக்குப் போனாள். ஒரு பாட்டிலில் டவுன் தண்ணீர், ஒன்றில் கிணற்றுத் தண்ணீர். அங்கே இருப்பவர்கள் வாய்க்கு வந்ததைச் சொன்னால் என்ன செய்வது? அதற்காக இன்னொரு பாட்டிலிலும் அதே கிணற்றுத் தண்ணீரைப் பிடித்திருந்தாள். எதிலும் பெயர் ஒட்டவில்லை. எது என்ன என்று கேட்டதற்கு, "அதைச் சொல்லத்தானேம்மா நீங்க இருக்கீங்க" என்றாள்.

வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு கம்பியை விட்டு, கையளவு கருவியில் எண்ணைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"இது நல்ல தண்ணி. இது ரெண்டும் ஒரே தண்ணி. ரெண்டு பாட்டில்ல கொண்டு வந்திருக்கீங்க. எதுக்கும்மா?"

அக்கா அந்த இரண்டு பாட்டிலையும் அவள் பக்கம் தள்ளினாள். "அந்த ரெண்டும் எப்படி?"

"உப்பு ஜாஸ்தி. இதைத்தான் குடிக்கிறீங்களா? குடிக்காதீங்க. வயலுக்கும் விடுறீங்களா?"

"குளோவருக்கு விடுறேன். வேர்ல முடிச்சே வரல. பொடி செத்துப்போச்சுன்னு..."

"பொடியில தப்பு இருக்காது" என்றாள் அந்தப் பெண். "அந்த பாக்டீரியா கொஞ்சம் உப்பைத் தாங்கிக்கும். வேர்தான் தாங்காது. வேர்ல மெல்லிசா முடி மாதிரி இருக்கும் பாருங்க, அது வழியாத்தான் பாக்டீரியா உள்ள போகணும். உப்புல அந்த முடி வளைஞ்சு குடுக்காது. விருந்தாளி வாசல் வரைக்கும் வந்து கதவைத் தட்டிக்கிட்டே நிப்பான், வீட்டுக்காரி திறக்க மாட்டா. அப்புறம் அவனும் அங்கேயே பட்டினி கிடந்து போயிடுவான்."

"தினம் நாக்குல வச்சுப் பார்த்தேனே?"

"ஒரேயடியா உப்பானா தெரிஞ்சிருக்கும். கிணத்தை ஆழமாக்கினீங்களா? கொஞ்சம் கொஞ்சமா ஏறியிருக்கும். நாக்கும் கூடவே பழகிடும். யாருக்குமே தெரியாதும்மா, உங்க தப்பு இல்ல."

அவளை யாரும் ஆறுதல் சொல்லித் தேற்றிப் பழக்கமில்லை. அக்கா பாட்டில்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். படிக்கட்டில் நின்றுகொண்டு கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்தாள். ஒன்றும் தெரியவில்லை. டவுன் தண்ணீரை ஒரு வாய் குடித்தாள். அது சப்பென்று, மழை மாதிரி இருந்தது. மறுபடி கிணற்றுத் தண்ணீரைக் குடித்தாள். அப்போதுதான் தொண்டை கரித்தது. இத்தனை நாளும் யூரியாவைக் கரைத்துப் பார்த்ததும், விதையை மிதக்கவிட்டதும் இந்தத் தண்ணீரில்தான். மளிகைக்காரன், சோப்புக்காரன், பாத்திரக்காரன், வாயில் நுரையோடு நின்ற பக்கத்துத் தோட்டக்காரர் என்று ஒவ்வொருவராக வந்து அவள் முன்னால் நின்றார்கள். கடைசியில் விளக்குமாற்றோடு தம்பி வந்து நின்றான். அவள் நேராகக் கடைத்தெருவுக்கு நடந்தாள்.

அன்றும் சந்தை நாள்தான். தெருவெல்லாம் கூட்டம்; தம்பி கடையில் மட்டும் கூட்டமில்லை. அவன் கல்லாவுக்குப் பின்னால் கயிறு சுற்றிக்கொண்டிருந்தான். வாளி, கயிறு, மண்வெட்டிக் காம்பு என்று செத்ததா உயிரா என்று கேட்க வேண்டாத பொருளெல்லாம் முன்னால் அடுக்கியிருந்தது. அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்றான். முன்பெல்லாம் அவன் எழுந்ததில்லை, "வாக்கா" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்துவான். அந்த மரியாதை அவளைச் சுட்டது.

எப்படி ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டுப் பழகாத வாய். அதனால் சரக்கு வாங்க வந்தவள் மாதிரியே ஆரம்பித்தாள்.

"கருப்புப் பொடி குடுடா. நாலு பேர் பார்க்க வாங்கிட்டுப் போறேன்."

"இல்லக்கா."

"இல்லையா, எனக்கு இல்லையா?" அவளையும் அறியாமல் குரல் ஏறியது. அலமாரியைப் பார்த்தாள். பொட்டலம் இருந்த தட்டு காலியாகத் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. ஒளித்து வைத்துவிட்டான்! "கோவம் இருந்தா வாய்விட்டுத் திட்டுடா. சரக்கை ஒளிச்சு வச்சுட்டு இல்லன்னு சொல்லாதே."

"ஒளிக்கலக்கா. எல்லாத்தையும் அன்னைக்கே கொண்டுபோய்க் குப்பை மேட்டுல கொட்டிட்டேன். பெட்டி பிரிக்காதது வரைக்கும்."

"ஏன்டா?"

"செத்துப்போச்சுன்னு சொன்னியேக்கா."

"நான் சொன்னா? ஒரு தடவை யார்கிட்டயாவது குடுத்துச் சோதிச்சுப் பார்த்திருக்கக் கூடாதா?"

தம்பி அவளை வியப்பாகப் பார்த்தான். அவனுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "நீதான் பார்த்துட்டியேக்கா. அதுக்கு மேல என்ன சோதனை? எங்கேயோ நான்தான் கவனிக்காம விட்டுட்டேன், உன் வயலைக் கெடுத்துட்டேன்னு, எந்த முகத்தை வச்சுக்கிட்டு உன் வீட்டுக்கு வர்றதுன்னு தெரியாமத்தான் வரல."

அவள் கயிற்றுச் சுருளின்மேல் உட்கார்ந்துவிட்டாள். இவன் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தன்னைச் சந்தேகப்பட்டிருக்கக் கூடாதா என்று ஏங்கினாள். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று அழுதாள்.

"பொடி உயிரோட இருந்துச்சுடா" என்றாள். "என் தண்ணிதான் உப்பு. உன் பொடி உயிரோட இருந்துச்சு."

அவன் புரியாமல் நின்றான். அவள் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடை வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து நின்றாள். பெரிய மாட்டுக்காரர் எதிர்ச்சாரியில் புண்ணாக்கு பேரம் பேசிக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டாள். அவரோடு இன்னும் சிலரும் திரும்பினார்கள். கிணறு ஆழமானதிலிருந்து மாடித் தொட்டி வரைக்கும், பரிசோதனை நிலையம் வரைக்கும் எல்லாவற்றையும் சத்தமாகச் சொன்னாள்.

மாட்டுக்காரர் தாடையைச் சொறிந்தார். "அப்போ இவ்வளவு நாளா உங்க நாக்கு?"

"தப்பு."

"தப்பா இருக்கட்டும்க்கா. ஆனா அன்னைக்குச் செத்ததுன்னீங்க, இன்னைக்கு உயிரோடன்னு சொல்றீங்க. தம்பி கடை காத்தாடுதேன்னு பேசுறீங்களோ என்னவோ. எதைத்தான் நம்புறது?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். சோதனையக்கா சொன்னதை ஒருவர் நம்பாமல் திருப்பிக் கேட்டது அந்தத் தெருவில் அதுதான் முதல்முறை. கோபம் தலைக்கு ஏறும் என்று அவளே எதிர்பார்த்தாள். ஏறவில்லை.

"நம்பாதீங்க" என்றாள். "என்னை இனிமே எதுக்கும் நம்பாதீங்க. உங்க கிணத்துத் தண்ணியைப் பிடிச்சுட்டுப் போய் அந்தப் பொண்ணுகிட்டக் காட்டுங்க. ஆனா என் தம்பி என்னை நம்பினான் பாருங்க, அந்த ஒரு தப்பைத் தவிர அவன் வேற எந்தத் தப்பும் பண்ணல."

தம்பி ஓடி வந்து அவள் கையைப் பிடித்தான். அவன் முகம் கூசிப்போயிருந்தது. அவமானம் அவனுக்கு வந்தது மாதிரி. "போதும்க்கா, எல்லாரும் பார்க்கிறாங்க. உள்ள வா."

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். பின்வரிசையில் நிற்பவர்களுக்குச் சரியாகக் கேட்டிருக்காது என்று பட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்ல ஆரம்பித்தாள்.